கல்லில் படரும் பாசியையும் அளந்து பாருங்கள்

நீலகிரி ஓடைகளுக்காக ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கும், சுற்றுச்சூழல், வனத் துறைகளின் பொறுப்பில் இருப்போருக்கும், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத் தலைவருக்கும், நீலகிரி மாவட்ட ஆட்சியருக்கும்,



நீலகிரியின் ஓடைகள் நலமாக இருக்கின்றனவா என்று கேட்டால், அரசு தரும் விடை பெரும்பாலும் ஒரு பாட்டில் தண்ணீரிலிருந்து வருகிறது. பகலில் ஒருவர் ஓடைக்கரைக்குப் போய்த் தண்ணீரைப் பிடித்துவருகிறார். ஆய்வகத்தில் கரைந்த ஆக்சிஜனையும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையையும் கோலிஃபார்ம் கிருமிகளையும் பார்க்கிறார்கள். இந்த அளவீடுகள் தேவையானவை. அவற்றைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் மலை ஓடை ஒன்று நோயுறத் தொடங்கும்போது அந்த நோயை முதலில் காட்டுவது அதன் படுகையில் கிடக்கும் கற்கள். அவற்றின் மேல் படரும் பாசியை இங்கே முறையாக அளக்க வேண்டும், ஓடையின் ஆக்சிஜனை இரவிலும் அளக்க வேண்டும், அளந்து கண்டதன்படி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

பாசி என்றதும் அழுக்கு, வழுக்கல், சுத்தம் செய்ய வேண்டிய ஒன்று என்றுதான் நம்மில் பலருக்குத் தோன்றும். நல்ல மலை ஓடையில் ஒரு கல்லைக் கையிலெடுத்துத் தடவிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று விரலில் ஒட்டும். அதில் பெரும்பகுதி டயாட்டம்கள். கண்ணாடிக்கு மூலமான சிலிக்காவையே கூடாகக் கட்டிக்கொண்டு வாழும் ஒற்றைச் செல் பாசிகள். அவற்றோடு பச்சைப் பாசிகளும் நீலப்பச்சை நுண்ணுயிர்களும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் சேர்ந்து வாழ்கின்றன. வெயிலையும் கரியமில வாயுவையும் கொண்டு இந்தப் படலம் உணவு தயாரிக்கிறது. ஓடை தனக்குள்ளேயே விளைவிக்கும் இந்த உணவைத்தான் சூழலியலார் முதல்நிலை உற்பத்தி என்கிறார்கள். ஓடையில் உள்ள மற்ற உயிர்கள் அனைத்தும் இதையோ, கரையிலிருந்து விழும் இலை தழையையோ நம்பித்தான் இருக்கின்றன.

இந்த விளைச்சலை உண்ணும் உயிர்கள் பல. பெருவெள்ளத்திலும் கல்லை விடாமல் தட்டையாக ஒட்டிக் கிடக்கும் மேஃப்ளை பூச்சியின் இளம் பருவங்கள், வட்டச் சில்லுபோல் கல்லோடு படிந்திருக்கும் நீர்வண்டின் புழுக்கள், கூடு கட்டித் திரியும் கேடிஸ் புழுக்கள் எல்லாம் பாசியைச் சுரண்டித் தின்பவை. பாறையில் வாயை வைத்துப் பாசி மேயும் கர்ரா இன மீன்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இண்டிரானா தவளைகளின் தலைப்பிரட்டைகள் தண்ணீருக்குள் நீந்துவதைவிட, நீர் கசியும் பாறை முகப்பில் ஒட்டிக்கொண்டு அங்குள்ள பாசியைச் சுரண்டித் தின்றே வளர்கின்றன. பூச்சிகளை மீன்களும் தவளைகளும் தின்கின்றன. அவற்றைச் சீழ்க்கைப் பூங்குருவியும் தண்ணீர்ப் பாம்பும் தின்கின்றன. ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத படலத்தில் தொடங்கும் உணவுச் சங்கிலி இது.

இந்தப் படலம் எவ்வளவு வளரும் என்பதை நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: தண்ணீரில் விழும் வெளிச்சம், நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலான ஊட்டங்கள், கற்களைப் புரட்டிப் பாசியை உரித்துச் செல்லும் வெள்ளம், பாசியை மேயும் உயிர்கள். இந்த நான்கும் ஒன்றையொன்று சமன் செய்யும்வரை ஓடை தெளிந்திருக்கும். நிழல் போய், ஊட்டம் கூடி, வெள்ளம் தடைபட்டு, மேய்வனவும் குறைந்தால் அந்த மெல்லிய பழுப்புப் படலம் மறைந்துவிடும். அதன் இடத்தில் நீண்ட பச்சை இழைகளும் கரும்பச்சைப் பாய்களும் கல்லை மூடும். பழுப்புப் படலத்தை மேயத் தெரிந்த பூச்சிக்கு அந்த இழை உணவாகாது. கல்லிடுக்கில் மீன் இட்ட முட்டை மூச்சுமுட்டிப் போகும். பாசி கூடியிருக்கும், பாசியை நம்பி வாழ்ந்தவை குறைந்திருக்கும். முதல்நிலை உற்பத்தி பெருகினால் ஓடை செழிக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நிழல் நிறைந்த ஓடைகளில் பாசியின் பங்கு எவ்வளவு சிறியது என்பதை அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மலைக்காட்டில் பேர் புரூக் என்ற ஓடையை ஆராய்ந்த ஃபிஷரும் லைக்கன்ஸும் 1973இல் காட்டினார்கள். அந்த ஓடைக்கு வரும் ஆற்றலில் 99 விழுக்காட்டுக்கு மேல் சுற்றியுள்ள காட்டின் இலைதழையிலிருந்து வந்தது. இதைப் படித்துவிட்டுப் பாசி முக்கியமல்ல என்று சிலர் முடிவு கட்டினார்கள். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் வேறொரு பக்கத்தைக் காட்டின. காய்ந்த இலையில் இல்லாத கொழுப்பு அமிலங்கள் டயாட்டம்களில் இருக்கின்றன. நீர்ப்பூச்சிகளும் மீன்களும் வளர அவை தேவை. அளவில் சிறிதாயினும் சத்தில் பெரிய உணவு அது. நம் சோலைக்குள் ஓடும் ஓடையில் பாசி கண்ணுக்குத் தெரியாத அளவே இருப்பதும், அந்தக் கொஞ்சமே அங்குள்ள உயிர்களைத் தாங்குவதும் இப்படித்தான்.

அதே நியூ ஹாம்ஷயர் காட்டில் நடந்த இன்னொரு சோதனையை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஹப்பர்ட் புரூக் ஆய்வுக் காட்டில் ஒரு முழு நீர்ப்பிடிப்பின் மரங்களை 1965-66 குளிர்காலத்தில் வெட்டிச் சாய்த்து, மீண்டும் செடி முளைக்காமல் தடுத்தார்கள். ஓடை நீரில் நைட்ரேட்டின் அளவு நாற்பது மடங்குக்கு மேல் ஏறியது. நிழலும் போய், ஊட்டமும் வந்து சேர்ந்ததால் ஓடையில் பாசி பெருகியது. யாரும் அங்கே உரம் போடவில்லை, சாக்கடை விடவில்லை. நிலத்தை மூடியிருந்த பச்சையை அகற்றியது ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஓடையின் உற்பத்தியை அளப்பது எப்படி? இதற்கு வழி கிடைத்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஹோவர்ட் ஓடம் என்ற சூழலியலாளர் 1956இல் ஓடும் நீரின் உற்பத்தியை ஆக்சிஜனைக் கொண்டே கணக்கிடும் முறையை வெளியிட்டார். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவும் பகலும் எல்லா உயிர்களும் மூச்சுவிட்டு ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. 24 மணி நேரமும் ஆக்சிஜன் ஏறி இறங்கும் கோட்டை வரைந்து, காற்றிலிருந்து கலப்பதையும் கணக்கில் எடுத்தால் ஓடை எவ்வளவு விளைவிக்கிறது, எவ்வளவு செலவழிக்கிறது என்று தெரிந்துவிடும். வட அமெரிக்கப் பகுதியில் வெவ்வேறு நிலங்களைச் சேர்ந்த எட்டு ஓடைகளை இவ்வாறு ஒப்பிட்ட ஆய்வு 2001இல் வந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 0.1 கிராம் ஆக்சிஜனுக்கும் குறைவாக விளைவித்த ஓடையும் அதில் இருந்தது. 15 கிராம் விளைவித்த ஓடையும் இருந்தது. இன்று கையடக்கக் கருவி ஒன்றைத் தண்ணீரில் கட்டி வைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே பதிவு செய்துகொள்கிறது.

இனி நம் பாட்டிலுக்கு வருகிறேன். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் ‘ஏ’ வகுப்பு நீர் என்றால் கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தக்கது. அதற்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் குறையாமலும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 2 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பாசி மண்டிய ஓடை ஒன்றில் நண்பகலில் தண்ணீர் எடுத்தால் என்ன ஆகும்? ஒளிச்சேர்க்கை உச்சத்தில் இருக்கும் நேரம் அது. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும். நல்ல ஓடையைவிடவும் கூடுதலாகவே காட்டக்கூடும். அதே ஓடையில் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு அளந்தால், இரவெல்லாம் பாசியும் அழுகும் பாசியைச் சிதைக்கும் பாக்டீரியாவும் மூச்சுவிட்டுக் குறைத்த அளவு தெரியும். இரவில் மட்டும் காய்ச்சல் ஏறும் பிள்ளையைப் பகலில் மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு நலம் என்று எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பானது இது.

மலையில் இந்த ஆபத்து சமவெளியைவிடக் கூடுதல். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குதான். 15 டிகிரி வெப்பத்தில் சமவெளித் தண்ணீர் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். உதகை உயரத்தில் அது 7.7 அளவுக்குத்தான் முடியும். நிழலை இழந்த ஓடையில் தண்ணீர் 20 டிகிரிக்குச் சூடானால் அந்த உச்ச அளவும் 7 மில்லிகிராமுக்கு வந்துவிடும். தரத்தின் எல்லையான 6க்கு மேல் கையிருப்பு ஒரு மில்லிகிராம்தான். அதை ஓர் இரவில் செலவழித்துவிடப் பாசிப் பெருக்கத்தால் முடியும்.

மலை ஓடை பாறைகளில் மோதி நுரைத்து ஓடுவதால் இழந்த ஆக்சிஜனைக் காற்றிலிருந்து உடனே எடுத்துக்கொள்ளும் என்று உங்கள் பொறியாளர்கள் சொல்லக்கூடும். அருவிபோல் இறங்கும் இடங்களில் அது உண்மைதான். ஆனால் தடுப்பணைக்குப் பின்னால் தேங்கிய நீரிலும், பள்ளத்தாக்குத் தோட்டங்களுக்கு இடையே மெதுவாகச் செல்லும் பகுதியிலும், கோடையில் மோட்டார் வைத்து உறிஞ்சியபின் குட்டை குட்டையாக மிஞ்சும் மடுக்களிலும் அந்த நுரையும் வேகமும் இல்லை. பாசி பெருகுவதும் அதே இடங்களில்தான். மீன்கள் கோடையைக் கழிக்க ஒதுங்குவதும் அங்கேதான்.

ஆக்சிஜனோடு விஷயம் முடிவதில்லை. பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சும்போது தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. நீலகிரியின் அடித்தளம் சார்னோக்கைட் பாறை. சுண்ணாம்பு அதிகம் தராத பாறை. அதிலிருந்து வரும் மென்னீருக்கு இந்த ஏற்றத்தைத் தாங்கிச் சமன் செய்யும் திறன் குறைவு. 20 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருக்கும்போது தண்ணீரில் உள்ள அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பங்கே மீனைக் கொல்லும் நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 9ஐத் தொட்டால் கால் பங்குக்கு மேல் நச்சாகிவிடும். சாக்கடை கலந்த, பாசி மண்டிய ஓடையில் வெயில் ஏறிய பிற்பகலே ஆபத்தான நேரமாகிவிடும்.

பாட்டில் மறைக்கும் இன்னொன்றும் உண்டு. வயலிலிருந்தோ சாக்கடையிலிருந்தோ வரும் பாஸ்பரஸைப் பாசி உடனடியாக உறிஞ்சித் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. தண்ணீரைச் சோதித்தால் பாஸ்பேட் மிகக் குறைவு என்று வரும். ஓடைக்கு ஊட்டம் வரவில்லை என்று அதற்குப் பொருளில்லை. வந்ததெல்லாம் கல்லின் மேல் இருக்கிறது. மேலும், நான் மேலே சொன்ன ஏ முதல் இ வரையான வகைப்பாட்டில் பாஸ்பரஸுக்கு ஓர் எல்லையே இல்லை, நைட்ரேட்டுக்கும் இல்லை, பாசியின் பச்சையத்துக்கும் இல்லை. ஒரு மலை ஓடை பழுப்பிலிருந்து பச்சைக்கு மாறும் பாதை முழுவதும் நம் தர அட்டவணைக்கு வெளியே நடக்கிறது.

இப்போது நீலகிரியைப் பாருங்கள். பாசியைக் கட்டுக்குள் வைத்த நான்கும் இங்கே ஒரே காலத்தில் அசைக்கப்பட்டிருக்கின்றன.

முதலில் வெளிச்சம். சோலையும் புல்வெளியுமாக இருந்த மலையில் கடந்த இரு நூற்றாண்டுகளில் தேயிலையும் காய்கறித் தோட்டமும் யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரமும் சீகை மரமும் பைனும் பரவின. காய்கறி விளையும் பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் பாத்தி ஓடையின் விளிம்புவரை வந்துவிட்டது. கரையில் இருந்த புதரும் நாணலும் போய், நீர் நேரே வெயிலில் கிடக்கிறது.

அடுத்து ஊட்டம். உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோஸும் பூண்டும் உரத்தை நிறையக் கேட்கும் பயிர்கள். சரிவில் மழை அடித்தால் மண்ணோடு ஒட்டிய பாஸ்பரஸும், நீரில் கரைந்த நைட்ரேட்டும், கோழி எருவும் ஓடைக்குள் இறங்குகின்றன. கேரட் கழுவும் இடங்களிலிருந்து வரும் சேற்று நீரும் அதே ஓடைகளைத்தான் சேர்கிறது. இதற்கு விவசாயியைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. அரைக் காணி, ஒரு காணி வைத்திருப்பவர் ஓரடி நிலத்தையும் விடமுடியாத நிலையில் இருக்கிறார். விலை வீழ்ந்தால் தாங்க யாருமில்லை. ஓடைக்கரையை விட்டுக்கொடு என்று அவரிடம் கேட்பதானால், அதற்கான விலையை ஊர் முழுவதும், கீழே தண்ணீர் குடிப்பவர்கள் முழுவதும் சேர்ந்து தர வேண்டும்.

ஊட்டத்தின் இன்னொரு வழி கழிவுநீர். உதகையில் கோடப்பமந்து கால்வாய் எதைச் சுமந்து ஏரிக்குப் போகிறது என்பதை அந்த ஊரில் எவரும் அறிவர். குன்னூர் ஆறு நகருக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒரே ஆறாக இருப்பதில்லை. இதில் காலக்கணக்கு மிகவும் முக்கியம். சனவரிக்குப் பின் மழை ஓய்ந்து ஓடைகள் மெலிகின்றன, வானம் தெளிந்து வெயில் நன்றாக விழுகிறது, தண்ணீர் மெதுவாக ஓடுகிறது. பாசி பெருகுவதற்கு ஆண்டிலேயே தோதான மாதங்கள் அவை. சரியாக அப்போதுதான் சீசன் வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் மலர்க் கண்காட்சிக்கும் கோடை விழாவுக்கும் லட்சக்கணக்கானோர் ஏறிவருகிறார்கள். கழிவு மிகவும் பெருகும் மாதங்களும் தண்ணீர் மிகவும் குறையும் மாதங்களும் ஒன்றாகிவிடுகின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு ஈ-பாஸ் வந்தது. மலை எத்தனை வண்டி தாங்கும் என்று கேட்கத் தொடங்கிவிட்டோம். அதே கேள்வியை ஓடைகளின் பொருட்டும் கேட்க வேண்டும்.

மூன்றாவது வெள்ளம். தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்தை எப்படித் தாக்கும் என்பதை 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் பெய்த 82 சென்டிமீட்டர் மழை காட்டியது. மனிதருக்குப் பேரிடரான அத்தகைய மழைதான் வேண்டும் என்றில்லை. ஆண்டுதோறும் வரும் சாதாரண மழைவெள்ளமே கற்களைப் புரட்டிப் பழைய பாசியை உரித்துவிடும். ஆனால் 1932இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காரா தொட்டு, கனடாவின் உதவியோடு எழுந்த குந்தா திட்டம்வரை, இந்த மலையின் பெரிய ஓடைகள் பலவும் அணைகளாலும் சுரங்கங்களாலும் திசை திருப்பப்பட்டவை. அணைக்குக் கீழே மிஞ்சும் ஓடையில் வெள்ளம் அரிது. பாசி அசையாமல் தடிக்கிறது. மரமும் தண்ணீரைக் குறைத்திருக்கிறது. உதகையில் உள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் கிளன்மார்கனில் இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு நடத்திய நீண்ட ஆய்வில், புல்வெளியில் கற்பூர மரம் நட்ட பகுதியில் முதல் சுழற்சியில் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. இந்தப் பின்னணியில்தான் குந்தா, சில்லஹல்லா நீரேற்று மின் திட்டங்களையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, மேய்வன. தோட்டத்தில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி ஓடையில் இறங்கும்போது முதலில் சாவது பாசி மேயும் இளம் பூச்சிகளே. அவலாஞ்சியில் 1907இல் தொடங்கிய குஞ்சு பொரிப்பகத்திலிருந்து ஓடைகளில் விடப்பட்ட டிரவுட் மீனும் பூச்சிதின்னி. டிரவுட் புகுந்த நியூசிலாந்து ஓடைகளில் மேய்வன குறைந்து, கல்லின் பாசி தடித்ததை அந்நாட்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் ஓடைகளில் இதை எவராவது அளந்து சொல்ல வேண்டும்.

இது மலைமேல் இருப்பவர்களின் கவலை மட்டுமே என்று நினைத்துவிடாதீர்கள். குந்தா ஆறும் குன்னூர் ஆறும் பவானியில் சேர்கின்றன. பில்லூர் அணையிலிருந்து கோயம்புத்தூர் குடிக்கிறது. பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானிப் பாசனத்தில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் விளைகிறது. மலையில் கல்லில் படிந்த ஊட்டம் மழைக்காலத்தில் உரிந்து, அணைகளில் வந்து தங்கி, அங்கே பாசியாக மீண்டும் எழும். குடிநீரில் மண்வாடை அடித்தபின் ஆலைகளில் குளோரினைக் கூட்டுவதைவிட, மேலே ஒரு கல்லைப் பார்த்து முன்கூட்டியே அறிவது எளிது, மலிவு.

எனவே உங்களிடம் ஆறு வேண்டுகோள்கள்.

ஒன்று: வரும் பிப்ரவரி முதல் மே வரை, நீலகிரியில் தேர்ந்தெடுத்த ஓடைகளில் ஆக்சிஜன், வெப்பம், பி.எச். மூன்றையும் இரவும் பகலும் தொடர்ந்து பதியும் கருவிகளை வையுங்கள். முக்குருத்தி, அவலாஞ்சிப் பக்கத்துச் சோலை ஓடைகள் சில, புல்வெளி ஓடைகள் சில, காய்கறிப் பள்ளத்தாக்கின் ஓடைகள் சில, குன்னூர் ஆற்றில் நகருக்கு மேலும் கீழும் சில என்று அவை இருக்கட்டும். புல்வெளியில் ஓடும் நீர் இயல்பாகவே வெயிலில் கிடப்பது. அதைச் சோலை ஓடையோடு ஒப்பிட்டுக் குறை காணக் கூடாது. எனவே இரண்டு வகைக்கும் தனித்தனி ஒப்பீடு வேண்டும்.

இரண்டு: அதே இடங்களில் கல்லின் பாசியைச் சுரண்டி எடுத்து, சதுர மீட்டருக்கு எவ்வளவு பச்சையம் இருக்கிறது என்று அளக்கச் செய்யுங்கள், டயாட்டம் இனங்களைப் பட்டியலிடச் செய்யுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் இயற்றிய நீர் நெறியுரை, ஆற்றின் நிலையைத் தீர்மானிக்கும் உயிர்க்கூறுகளில் அடித்தளப் பாசியையும் சேர்த்திருக்கிறது. சதுர மீட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் பச்சையத்தைத் தாண்டினால் பாசி தொல்லையாகிவிட்டது என்று குளிர்நாட்டு ஆய்வாளர்கள் கொள்வார்கள். அந்த எண்ணை அப்படியே இங்கே எடுத்து ஒட்ட வேண்டாம். நமக்கான எல்லையை நம் கெடாத ஓடைகளிலிருந்து பெற வேண்டும். அவை கெடாமல் இருக்கும்போதே பெற வேண்டும். உதகையில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையமும், முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும், அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. இருப்பவற்றுக்கு இந்த வேலையையும் அதற்கான பணத்தையும் தந்தால் போதும்.

மூன்று: 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தில் 17ஆம் பிரிவு, மாநிலத்தின் நீர்நிலைகளை வகைப்படுத்தும் பொறுப்பை மாநில வாரியத்துக்குத் தருகிறது. 16ஆம் பிரிவு, மாநில அரசைக் கலந்து ஓடைகளுக்குத் தரம் வகுக்கும் பொறுப்பை மத்திய வாரியத்துக்குத் தருகிறது. பவானியும் மாயாறும் மாநில எல்லைகளைத் தொட்டுச் செல்வதால் இரண்டு வாரியங்களும் சேர்ந்தே இயங்க வேண்டும். மலைத் தலையோடைகளைத் தனி வகுப்பாக அறிவித்து, பாஸ்பரஸுக்கும் நைட்ரேட்டுக்கும் பாசிக்கும் விடியற்கால ஆக்சிஜனுக்கும் எல்லை வகுக்கும் முதல் மாநிலமாகத் தமிழ்நாடு இருக்கட்டும்.

நான்கு: ஓடைக்கரையில் மண்ணைப் பிடித்து நிழல் தரும் ஒரு பட்டையை மீட்டெடுங்கள். விளைநிலத்தை அதற்காக விட்டுத் தரும் விவசாயிக்கு ஆண்டுதோறும் இழப்பீடு கொடுங்கள். மண் பரிசோதனைக்கேற்ற அளவு உரம் இடுவோருக்கும், சரிவுக்குக் குறுக்கே பாத்தி பிடிப்போருக்கும் ஊக்கத்தொகை தாருங்கள். கேரட் கழுவும் நீர் படிவுக் குழியில் தெளிந்த பிறகே வெளியேறட்டும். அயல் மரங்களை அகற்றி இயற்கையை மீட்கும் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்டது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் ஓடையை ஒட்டிய மரங்களை ஒரே வீச்சில் வெட்டிவிட்டால் ஹப்பர்ட் புரூக்கில் நடந்ததே இங்கும் நடக்கும். கரையோரத்தில் நாட்டுச் செடி வேர் பிடிக்கப் பிடிக்க, கட்டம் கட்டமாக அகற்றுங்கள். ஆதியில் புல்வெளியாக இருந்த கரையில் மரம் நட வேண்டாம், புல்லையே மீட்டெடுங்கள்.

ஐந்து: உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் நகரங்களின் கழிவுநீரை, சீசன் தொடங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் வேலையாகக் கொள்ளுங்கள். விடுதிகள் அனைத்தும் தங்கள் கழிவுநீரைச் சுத்திகரிப்பதை மார்ச் மாதத்துக்குள் சோதித்துச் சான்று தர வேண்டும். ஈ-பாஸ் எண்ணிக்கையை ஆண்டுதோறும் முடிவு செய்யும்போது, முந்தைய கோடையில் ஓடைகளின் விடியற்கால ஆக்சிஜன் எப்படி இருந்தது என்ற அறிக்கையும் அந்த மேசையில் இருக்கட்டும்.

ஆறு: அணைகளுக்குக் கீழே உள்ள ஓடைகளுக்கு ஆண்டு முழுவதும் ஒரு குறைந்தபட்ச நீரையும், கோடைக்கு நடுவே பாசியை உரிக்கத் தக்க ஒரு குறுகிய நீர்த்திறப்பையும் திட்டமிடுங்கள். கீழே இருக்கும் மக்களை முன்கூட்டி எச்சரித்து, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டித் திறக்கலாம். புதிய நீரேற்று மின் திட்டம் எதுவானாலும், அதன் சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் ஓடையின் முதல்நிலை உற்பத்தியும் பாசியும் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

அளந்தவை அனைத்தையும் மக்கள் முன் வையுங்கள். எந்த ஓடை, எந்த மாதம், எவ்வளவு என்று தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரிலும் இணையத்திலும் போடுங்கள். படகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், தாயகம் திரும்பிய தமிழர் என்று இந்த மலையில் வாழ்வோர் எல்லோரும் தங்கள் ஓடையைத் தினமும் பார்ப்பவர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கல்லை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தால், எந்த வாரியத்தாலும் வைக்க முடியாத அளவு கண்காணிப்பாளர்கள் கிடைப்பார்கள்.

பாசியை ஒழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை என்பதை இறுதியாக அழுத்திச் சொல்கிறேன். ஓடையில் மருந்து தெளிப்பதும், இயந்திரம் விட்டுப் படுகையைச் சுரண்டுவதும் இருக்கிற உயிர்களையும் கொன்றுவிடும். பாசி பெருகியதன் காரணங்கள் கரையில் இருக்கின்றன. திருத்த வேண்டியதும் கரையில்தான். நிழலும் நீரும் திரும்பி, ஊட்டம் குறைந்தால், கல்லின் பாசி மிக விரைவில் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியது. வாரங்களில் பிறந்து மாறும் உயிர் அது. அதே காரணத்தால் நீங்கள் எடுக்கும் நடவடிக்கையின் பலனை உங்கள் பதவிக்காலத்துக்குள்ளேயே கண்ணால் பார்க்க முடியும். சுற்றுச்சூழலில் இப்படி விரைவாகப் பதில் தரும் அளவுகோல் வேறு கிடைப்பது அரிது.

கருவிகளுக்கும் ஆய்வுக்குமான நிதியை இந்த ஆண்டே ஒதுக்கி, பிப்ரவரியில் முதல் கருவி தண்ணீரில் இறங்க ஆணையிடுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் அறிக்கையை அடுத்த பருவமழைக்கு முன் மக்கள் முன் வையுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரி நீரை நம்பி வாழும் குடிமக்களில் ஒருவர்